மஞ்சள் தண்ணீர் உறைந்த பொங்கல்

லண்டனில் ஸ்னோ கொட்டினால் எனக்கு முதலில் வருவது சிரிப்பு, அடுத்ததாக வருவது கோபம். இரண்டு விரல் உயரத்துக்கு வெள்ளையாக விழுந்தால் போதும், ரயில் நிற்கும், பள்ளிக்கூடம் பூட்டும், கடையில் பாணும் பாலும் முடிந்துவிடும். தேவையில்லாமல் வெளியே போகவேண்டாம் என்று ரேடியோவில் ஒருவர் கெஞ்சிக்கொண்டிருப்பார். என் மனைவி அதைக் கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள். நான் வாய் திறக்கப்போகிறேன் என்று அவளுக்குத் தெரியும். “தொடங்கிடாதேங்கோ. உங்கடை ஜேர்மன் ஸ்னோ கதை எங்களுக்கு மனப்பாடம்” என்று முந்திக்கொள்வாள்.

பாடமாக இருக்கலாம். ஆனால் அவள் அதைக் கண்ணால் கண்டதில்லை. அவள் கலியாணம் முடித்து வந்தபோது நான் அந்த வேலையை விட்டு நகரத்துக்கு வந்துவிட்டேன். அதற்கு முன் ஜேர்மனியின் தென்பக்கத்தில், ஆட்களைவிட மாடுகள் அதிகமாக இருக்கும் ஒரு மலைப்பக்கத்து மாவட்டத்தில் அகதியாக இருந்தேன். அங்கே எனக்குக் கிடைத்த முதலாவது ஒழுங்கான வேலை, மாவட்ட நிர்வாகத்தின் ஸ்னோ தள்ளும் லொறியில் சாரதிக்குப் பக்கத்தில் இருப்பது. லொறியின் முன்னால் பூட்டியிருக்கும் பெரிய இரும்புத் தகட்டை ஏற்றி இறக்குவது என் கை. வலப்பக்க ஓரத்திலேயே கண் இருக்கவேண்டும். கல்லோ வேலியோ தட்டுப்படுமுன் தகட்டைத் தூக்கவேண்டும். சாரதி தன் ஊர்ப் பேச்சைத் தவிர வேறு ஜேர்மன் பேசமாட்டார். அவரிடம் பழகிய பாஷையை வைத்துக்கொண்டு பிறகு நகரத்துக்குப் போனபோது, மாட்டுப்பண்ணையில் வளர்ந்தவனா என்று கேட்டார்கள்.

அங்கே ஸ்னோவுக்கு யாரும் பயப்படுவதில்லை, யாரும் அதை அலட்சியம் செய்வதுமில்லை. இலை உதிரத் தொடங்கியதுமே வீதி ஓரங்களில் ஆளுயரத் தடிகளை நட்டுக்கொண்டு போவோம். பிறகு எல்லாம் வெள்ளையாகிவிட்டால் வீதி எது, வாய்க்கால் எது என்று அந்தத் தடிகளைப் பார்த்துத்தான் கண்டுபிடிப்பது. ஸ்னோ வரப்போகிறது என்றால் மேற்பார்வையாளர் தன் காரில் ஒரு சுற்றுப் போய், இறங்கி, சப்பாத்தால் வீதியைத் தேய்த்துப் பார்த்துவிட்டு வருவார். அவர் தலையாட்டினால் லொறி வெளிக்கிடும். எந்த வீதி முதல் என்பதில் பேச்சுக்கே இடமில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிற வீதி முதல். பிறகு பள்ளிக்கூட பஸ் ஓடுகிற வீதிகள். அதற்குப் பிறகு பால் லொறி போகிற பண்ணை வீதிகள், ஏனென்றால் ஸ்னோ கொட்டுகிறது என்று மாடு பால் சுரக்காமல் இருக்காது. மேயருடைய வீட்டுத் தெரு கடைசி வரிசையில் இருந்தது. அவர் தன் வாசலைத் தானே அள்ளிக்கொள்வார்.

வாசலை அள்ளுவது அங்கே ஒவ்வொருவரும் செய்தே ஆகவேண்டிய வேலை. தன் வீட்டு முன்னால் உள்ள நடைபாதையை வேலைக்குப் போகிறவர்கள் வெளிக்கிடுமுன் வீட்டுக்காரர் துப்புரவாக்கி வைக்கவேண்டும். கிழவர்கள் போட்டிபோட்டுக்கொண்டு நிற்பார்கள். பக்கத்து வீட்டுக்காரனைவிட ஒரு சாண் அகலமாக அள்ளிவிட்டு, அன்று முழுவதும் அதைப் பார்த்துக்கொண்டு திரிவார்கள். அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. பிள்ளைகளின் படிப்பு, கோயில், மனைவியின் சகோதரிகள் என்று எல்லாக் காரணமும் சேர்ந்து லண்டனில் மோர்டனுக்கு இடம் மாறியபோது, ஸ்னோ அள்ளுகிற அகலமான அலுமினியச் சவள் ஒன்றை வான் வண்டியின் கூரையில் கட்டிக் கொண்டுவந்தேன். “நல்ல இடியப்ப உரலை விட்டிட்டு உதையோ கொண்டு வந்தனீங்கள்?” என்று மனைவி இன்றுவரைக்கும் கேட்கிறாள். இடியப்ப உரல் லண்டனில் எந்தக் கடையிலும் கிடைக்கும். அந்தச் சவள் கிடைக்காது.

எங்கள் தெரு பெரிய றோட்டிலிருந்து மேல்நோக்கி ஏறுகிற சின்னத் தெரு. கீழே பஸ் ஓடுகிற றோட்டுக்குக் கவுன்சில் லொறி வந்து உப்புத் தூவும். எங்கள் தெருவுக்குள் அது திரும்பியும் பாராது. அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, எங்கள் ஜேர்மன் மாவட்டத்திலும் இப்படித்தான். ஆனால் அங்கே லொறி வராத தெருவை அந்தத் தெரு ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள். இங்கே லொறி வராத தெருவில் ஆட்கள் ஜன்னலடியில் நின்று படம் எடுப்பார்கள்.

எங்களுக்கு அடுத்த மேல்பக்கத்து வீட்டில் ஒரு வயதான வெள்ளைக்காரத் தம்பதி இருக்கிறார்கள். பெரியவர் முந்தி பஸ் ஓட்டினவர், பொல்லாத வாய்க்காரர். யாரைக் கண்டாலும் ஒரு கடி கடிக்காமல் விடமாட்டார். ஒரு வருடம் இலையுதிர்காலத்தில் ஏணியில் ஏறிக் கூரைத் தண்ணீர் ஓடுகிற பீலியில் அடைத்த இலையைத் தோண்டப்போய் விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரிக்குப் போனார். போனவர் வரவில்லை. எலும்பு பொருந்த நெஞ்சுச்சளி பிடித்தது, சளி மாறக் கால் சொல்வழி கேட்கவில்லை. இரண்டு தரம் வீட்டுக்கு விடுவதாகச் சொன்னார்கள். இரண்டு தரமும் கடைசி நேரத்தில் நின்றுபோனது. ஒரு தரம் காய்ச்சல், மற்றத் தரம் வீட்டுக்கு வந்து பராமரிக்கிற ஆட்கள் கிடைக்கவில்லை.

இரண்டாவது தரத்துக்குப் பிறகு பெரியவர் கதைப்பதை விட்டுவிட்டார். அவருடைய மனைவி எங்கள் சமையலறையில் இருந்துகொண்டு இதைச் சொன்னபோது, அவர் நோயால் கதைக்காமல் இருக்கவில்லை என்றார். டொக்டர்மார் எல்லாம் சோதித்துவிட்டார்களாம், நாக்கில் ஒரு பிழையும் இல்லையாம். கேட்டால் தலையாட்டுகிறார், சாப்பாட்டைத் தள்ளிவைக்கிறார், மற்றப்படி சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறார். “ஐம்பது வருடமாக இவரை வாயை மூடச் சொல்லிக் கத்தியிருக்கிறேன். இப்போது மூடிவிட்டார், என்னால் தாங்கமுடியவில்லை” என்றார். என் மனைவி அவருக்குத் தேத்தண்ணி வார்த்துக் கொடுத்துவிட்டு, திரும்பி நின்று கண்ணைத் துடைத்தாள்.

மூன்றாவது தரம் குறித்த நாள் தைப்பொங்கலன்று விழுந்தது. இந்தமுறை எல்லாம் சரி. கட்டில் வந்து கீழறையில் பூட்டியாகிவிட்டது. பராமரிக்கிறவர்கள் அன்று பின்னேரமே தொடங்குவார்கள். மதியத்துக்கு முன் ஆஸ்பத்திரி வாகனம் ஆளைக் கொண்டுவந்து இறக்கும். அன்று இறங்காவிட்டால் அந்த ஒழுங்கு வேறொரு நோயாளிக்குப் போய்விடும், திரும்ப முதலிலிருந்து தொடங்கவேண்டும். “இந்த முறையும் தவறினால், பிறகு வீட்டுக்கு விட்டாலும் அவர் வரமாட்டார். அவருக்குள் வருகிற ஆள் இருக்கமாட்டார்” என்று பெரியவரின் மனைவி சொல்லிவிட்டுப் போனார். அன்று இரவு ஸ்னோ கொட்டியது.

விடியத் திரைச்சீலையை விலக்கிப் பார்த்தேன். தெரு முழுக்க வெள்ளை. அதுவும் லண்டனில் வழக்கமாக விழுகிற சளிபிடித்த ஸ்னோ இல்லை, நல்ல உலர்ந்த, காலடியில் நெரிபடுகிற சாதி. உள்ளபடி சொன்னால் முதலில் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. பிறகு பெரியவரின் நினைவு வந்து, சந்தோஷப்பட்டதற்காக வெட்கம் வந்தது. நான் சப்பாத்துப் போடுமுன்னமே கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டு அம்மா, பெரியவரின் மனைவி. இரவு உடுப்புக்கு மேலே கோட்டு, கையில் போன். ஆஸ்பத்திரி வாகனப் பகுதியிலிருந்து போன் எடுத்தார்களாம். சரிவான சின்னத் தெரு என்றபடியால், தெரு துப்புரவாக இல்லாவிட்டால் வாகனம் உள்ளே வராதாம். திரும்பவும் எடுத்துக் கேட்பார்களாம், அப்போது உள்ளதை உள்ளபடி சொல்லவேண்டுமாம். கவுன்சிலுக்கு எடுத்தாராம், அங்கே முதலில் பெரிய றோட்டுகள்தான் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டார்களாம்.

“எவ்வளவு நேரம் எடுக்கும்?” என்று என்னைக் கேட்டார். கேட்டவிதம், நான் ஏதோ பெரிய டொக்டர் மாதிரி. வாழ்நாளில் முதல்தடவையாக ஒருவர் ஸ்னோவைப் பற்றி என்னிடம் ஆலோசனை கேட்கிறார். எனக்குப் பயமாகவும் இருந்தது, நெஞ்சு நிமிரவும் செய்தது.

“அவர் வருவார். வரச் சொல்லுங்கள்” என்றேன்.

தெரு முனையில் உப்பு நிரப்பி வைக்கிற மஞ்சள் பெட்டி ஒன்று நிற்கிறது. போய்த் திறந்து பார்த்தால் உள்ளே ஒரு சிப்ஸ் பைக்கற்றும் ஈரமான கையுறை ஒன்றும். யாரோ முந்திக்கொண்டு தன் வீட்டு வாசலுக்கு அள்ளிக்கொண்டு போயிருக்கிறார். அவரைப் பற்றி நான் அப்போது சொன்னதை இங்கே எழுதமுடியாது.

பிறகு கதவு கதவாகத் தட்டினேன். எங்கள் தெருவில் பாதி எங்கடை ஆட்கள். பெரியவர் வீட்டுக்கு மேல் வீட்டில் இருக்கிற அண்ணை கடை வைத்திருப்பவர், கோயில் காரியம் என்றால் முன்னுக்கு நிற்பவர். அவர் பொங்கலுக்காகக் கடையைப் பூட்டிவிட்டு, விடியவே தலைக்குத் தோய்ந்து, வேட்டிக்கு மேல் மொத்தக் கோட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு நின்றார். நான் விஷயத்தைச் சொன்னதும், “பொங்கல் எங்கை ஓடப்போகுது? முதல் ஆள் வரட்டும்” என்று வேட்டியை மடித்துக் கட்டினார். எதிர்வீட்டு போலந்துக்காரரும் மனைவியும் வந்தார்கள். கீழ்வீட்டில் இரவு வேலை முடிந்து வந்த தாதிப்பிள்ளை நித்திரைக்குப் போகாமல் வந்தாள். சவள் என்று இருந்தது என்னுடையது ஒன்றுதான். மற்றவர்கள் குப்பை அள்ளுகிற தட்டு, பேக்கிங் தட்டு, தும்புத்தடி என்று கையில் அகப்பட்டதைக் கொண்டுவந்தார்கள். அண்ணை கடையில் அரிசி அள்ளுகிற பெரிய அலுமினியக் கோப்பையோடு வந்தார்.

நான் என் மேற்பார்வையாளரைப் போல நடுத்தெருவில் நின்றுகொண்டு கட்டளை போட்டேன். மனைவி ஜன்னலால் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றது தெரியும். அதற்காக விடமுடியுமா? “கால் படாத இடத்தை முதல் அள்ளுங்கோ. மிதிச்சால் இறுகிப்போகும். எல்லாத்தையும் ஒரே பக்கம் ஒதுக்குங்கோ, ஒருத்தற்றை கேற் வாசலிலையும் குவிக்காதேங்கோ. தண்ணி வாற பக்கம் குவிச்சால் பிறகு உருகித் திரும்ப றோட்டுக்குத்தான் வரும்” என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் கத்தினேன். போலந்துக்காரர், எனக்குத் தெரிந்ததெல்லாம் தனக்கும் தெரியும் என்கிற மாதிரி அள்ளிக்கொண்டிருந்தார். அவருடைய ஊரிலும் ஸ்னோ கொட்டும் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

நன்றாக அள்ளினோம். வாகனம் ஏறுகிற அளவுக்கு இரண்டு சக்கரத்தடமும், பெரியவர் வீட்டு வாசலில் வாகனம் நின்று சக்கரக்கதிரையை இறக்குகிற அளவுக்கு இடமும், நடைபாதையும் கறுப்பாகத் தெரிய வந்தன. வியர்த்து, குளிரில் வாயால் புகைவிட்டுக்கொண்டு, ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம். பக்கத்து வீட்டு அம்மா படியில் நின்று போனில் கதைப்பது தெரிந்தது. தெரு துப்புரவு என்றார். ஓம், நிச்சயமாக என்றார். பிறகு எங்களைப் பார்த்து, வெளிக்கிட்டுவிட்டார்கள் என்று கையை ஆட்டினார்.

மிச்சம் இருந்தது தெருவின் வாய்தான். பெரிய றோட்டில் பஸ்கள் ஒதுக்கிய சேறும் ஸ்னோவும் வரம்பு மாதிரி எங்கள் தெருவுக்குக் குறுக்கே கிடந்தன. அதை உடைக்கப் போலந்துக்காரரையும் தாதிப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு கீழே இறங்கினேன். அண்ணை மட்டும், “பால் வைக்கிற நேரம் வந்திட்டுது தம்பி, நான் அங்காலை ஒருக்கா பாத்திட்டு வாறன்” என்று மேலே போனார். போகட்டும், அவருக்கும் நல்ல நாள்தானே என்று விட்டேன்.

வரம்பை உடைத்துவிட்டு, மற்ற இருவரும் தங்கள் வீட்டுக்குத் திரும்ப, நான் சவளைத் தோளில் போட்டுக்கொண்டு மேலே ஏறினேன். பெரியவர் வீட்டு வாசலடியில் காலை வைத்தேன். அவ்வளவுதான், அடுத்தது வானம் தெரிந்தது. சவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். முதுகில் கிடந்தபடியே கையால் தடவிப் பார்த்தேன். கண்ணாடி. தலையைத் திருப்பிப் பார்த்தேன். மஞ்சள் கண்ணாடி.

அண்ணையின் வீட்டு வாசலிலிருந்து நடைபாதை வழியாக, பெரியவரின் கேற் முன்னால் பரந்து, நடைபாதை ஓரத்தோடு நீளத்துக்கு வழிந்து, எல்லாம் மஞ்சளாக உறைந்து கிடந்தது. அண்ணை தன் வாசலில் வாளியும் மாவிலைக்குப் பதிலாக ஏதோ ஒரு செடியின் இலைக்கொத்துமாக நின்று, நான் விழுந்ததைப் பார்த்துப் பதறிக்கொண்டிருந்தார்.

“அண்ணை, உதென்ன வேலை?”

“மஞ்சள் தண்ணி தெளிச்சனான் தம்பி. பொங்கல் நாளிலை வாசல் கழுவாமல் எப்பிடிப் பானை வைக்கிறது?”

“உங்கடை வாசலைக் கழுவுங்கோ. இந்த மனுசன்ரை வாசல் உங்களுக்கு என்ன செய்தது?”

அவர் முகம் விழுந்துபோனது. “மனுசன் எத்தினை காலத்துக்குப் பிறகு வீட்டுக்கு வருது. நல்ல நாளுமாக் கிடக்குது. அந்த வாசலையும் மங்களமாக் கழுவி விடுவம் எண்டு ரெண்டு வாளி கூட ஊத்தினன். பச்சைத்தண்ணி இல்லைத் தம்பி. கேத்தில் கேத்திலாக் கொதிக்க வைச்ச சுடுதண்ணி. சுடுதண்ணி எப்பிடி உறையும்?”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. எங்கள் மாவட்டத்தில் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும், ஸ்னோ அள்ளின இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது என்று. சுடுதண்ணி என்றால் மேற்பரப்பெல்லாம் உருகிப் பரந்து இன்னும் ஒழுங்காக உறையும். இதையெல்லாம் சொல்லிக் கத்த வாயைத் திறந்தேன். ஆனால் அண்ணை அந்த வாளியைப் பிடித்துக்கொண்டு நின்ற நிலையைப் பார்த்ததும் வாய் மூடிக்கொண்டது. பெரியவரை மங்களமாக வரவேற்க வேண்டும் என்று எங்கள் தெருவில் நினைத்தது அவர் ஒருவர்தான். நாங்கள் எல்லாரும் தார்றோட்டைத்தான் நினைத்தோம்.

ஆனால் வாகனம் வெளிக்கிட்டாகிவிட்டது. அவர்கள் கேற்றடியில் இந்தக் கண்ணாடியைக் கண்டால் கதிரையை இறக்கவே மாட்டார்கள். ஆளை வந்த வழியே திருப்பிக் கொண்டுபோய்விடுவார்கள். பெரியவர் தன் வீட்டு வாசலைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார்.

“உப்பு இருக்கோ அண்ணை?”

“கடைக்கு எடுத்த கல்லுப்பு வானுக்குள்ளை மூட்டையாக் கிடக்கு” என்று அவர் ஓடினார். கதவடியில் அவருடைய மனைவி மறித்தார். பட்டுச்சேலைக்கு மேல் குளிருக்குப் போர்வை சுற்றியிருந்தார்.

“பொங்கலண்டு வீட்டு உப்பை வெளியிலை குடுக்கிறதோ? லட்சுமியைத் தூக்கிக் குடுக்கிற மாதிரி. என்ன கதை கதைக்கிறியள்?”

“அக்கா, ஆருக்கும் குடுக்கேல்லை. நிலத்திலை கொட்டுறம்” என்றேன்.

அக்கா யோசித்தார். உப்பை நிலத்தில் கொட்டுவதற்கும் ஏதோ ஒரு தடை இருக்கத்தான் வேண்டும், ஆனால் அந்த நேரம் பார்த்து அவருக்கு அது நினைவுக்கு வரவில்லை. “எங்கடை வீட்டுக்கு நேரை இருந்து தொடங்கிப் போடுங்கோ. அப்ப அது எங்கடை உப்பு எங்கடை வாசலிலைதான்” என்று வழி விட்டார்.

அண்ணை மூட்டையை வெட்டி, வெள்ளம் மறிக்கிறவர் மாதிரிக் கொட்டத் தொடங்கினார். “குவிக்காதேங்கோ, கோழிக்குத் தீன் எறியிற மாதிரி எறியுங்கோ” என்று கையைப் பிடித்துக் காட்டினேன். உப்பு ஐஸில் விழுந்து மெல்லப் பொரியத் தொடங்கியது. ஆனால் கல்லுப்பு ஆறுதலாகத்தான் வேலை செய்யும். அது உள்ளே இறங்கி ஐஸை இளக்க நேரம் வேண்டும், எங்களிடம் அது இல்லை. குளிர் முற்றினால் உப்பை நம்பாமல் மணலைப் போடு என்பது மாவட்டத்தில் எனக்குப் படித்துத் தந்தது. மணல் ஐஸை உருக்காது, காலைப் பிடித்துக்கொள்ளும். மோர்டனில் பொங்கலன்று காலையில் மணலுக்கு எங்கே போவது?

இரண்டு பேரும் ஒரே நேரத்தில்தான் திரும்பிப் பார்த்தோம் என்று நினைக்கிறேன். அண்ணையின் வாசலில், அகலமான தகரத் தட்டு நிறைய மணல் பரப்பி, அதன்மேல் மூன்று கல் வைத்து, விறகு மூட்டி, மஞ்சள் இலை கட்டிய பானை ஏற்றியிருந்தது. பால் அப்போதுதான் ஆவி விடத் தொடங்கியிருந்தது. வெய்யிலைப் பார்த்து, வெளியில், விறகில் பொங்குவதுதான் அண்ணையின் பெருமை. அடுப்பங்கரைக்குள் காஸில் பொங்குகிறவர்களை அவர் வருடா வருடம் பகிடி பண்ணுவார். அவரிடம் அந்த மணலைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அவராகவே போனார். கோட்டுக் கையை இழுத்து இரண்டு கையையும் மூடி, பானையைத் தூக்கி, “கதவைத் திறவும்” என்று மனைவியிடம் சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் கொண்டுபோய்க் காஸில் வைத்தார். நான் விறகையும் கல்லையும் ஸ்னோவுக்குள் தள்ளிவிட்டு, சுடச்சுட மணலைச் சவளால் அள்ளிக் கேற்றடியில் எறிந்தேன். சூடான மணல் ஐஸுக்குள் ஒரு கடுகளவு இறங்கி அப்படியே பிடித்துக்கொண்டது. மாவட்டத்தில் யாருக்கும் இது தெரியாது. கடிதம் போட்டுச் சொல்லலாமா என்றுகூட யோசித்தேன்.

அண்ணை திரும்பி வந்து, வேட்டியோடு அந்த இடத்தில் ஏறி நின்று ஒரு துள்ளுத் துள்ளினார். வழுக்கவில்லை. திரும்பவும் துள்ளினார். அந்த நேரம் கீழே தெருமுனையில் ஆஸ்பத்திரி வாகனம் திரும்பியது.

மெல்ல ஏறி வந்து வாசலில் நின்றது. சாரதிப் பெண் இறங்கி, எங்கள் மேற்பார்வையாளர் செய்கிற மாதிரியே சப்பாத்தால் நிலத்தைத் தேய்த்துப் பார்த்தார். கேற்றுவரைக்கும் நடந்தார், திரும்பினார், கீழே குனிந்து மஞ்சள் நிறத்தை உற்றுப் பார்த்தார். நானும் அண்ணையும் பரீட்சை மறுமொழி பார்க்க வந்தவர்கள் மாதிரி நின்றோம். அவர் தலையாட்டிவிட்டுப் போய்ப் பின்கதவைத் திறந்தார்.

பெரியவரைக் கண்டேன். பாதி ஆளாகிவிட்டார். போர்வைக்குள்ளே தலை மட்டும், அதுவும் ஒரு பக்கம் சாய்ந்து. கதிரை மெல்ல இறங்கியது. அவருடைய மனைவி கேற்றைப் பிடித்துக்கொண்டு, கிட்டப் போகாமல் நின்றார். சிரிக்க முயன்றார், அது சரிவரவில்லை. பெரியவரும் அவரைப் பார்க்கவில்லை. நிலத்தைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார். சாரதிப் பெண் கதிரையைத் தள்ள, சக்கரம் எங்கள் மணலில் நெருநெரு என்று உருண்டது. கேற்றடியில் பெரியவர் கையைக் கொஞ்சம் உயர்த்தினார். கதிரை நின்றது.

அவர் அந்த மஞ்சளைப் பார்த்தார். கேற்றடியில் பரந்து, நடைபாதை ஓரத்தோடு அண்ணையின் வாசல்வரைக்கும் கோடாக நீண்டு கிடந்ததை, இந்தத் தலையிலிருந்து அந்தத் தலைவரைக்கும் பார்த்தார். லண்டனில் வீதியோரத்தில் மஞ்சள் கோடு போட்டால் அங்கே கார் நிறுத்தக்கூடாது என்று அர்த்தம். பஸ் ஓட்டினவருக்குத் தெரியாதா? அவர் வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. செருமினார். பிறகு, பாவிக்காமல் துருப்பிடித்த குரலில் சொன்னார்.

“நான் இல்லாத நேரம் பார்த்து என் வாசலில் மஞ்சள் கோடு போட்டுவிட்டார்களா, களவாணிகள்?”

அவருடைய மனைவி கேற்றை விட்டுவிட்டு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எங்களுக்குப் பிடிபடவில்லை, அவருக்கும் பிடிபட்டிருக்காது. பிறகு கையை எடுத்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, தன் புருஷனை நேராகப் பார்த்தார்.

“ஓம், உன்னை நிறுத்தக்கூடாது என்றுதான் போட்டிருக்கிறார்கள். வாயை மூடிக்கொண்டு உள்ளே வா, குளிர் பிடிக்கப்போகிறது” என்றார்.

“வாயை மூடு, வாயை மூடு. வந்து இன்னும் கதவைத் தாண்டவில்லை” என்று அவர் முணுமுணுத்தார். கதிரை உள்ளே போனது. சாரதிப் பெண் வெளியே வந்து, எங்களுக்குக் கையைக் காட்டிவிட்டு வாகனத்தை எடுத்துக்கொண்டு போனார். அண்ணைக்குக் கண் கலங்கியிருந்தது. அக்கா உள்ளேயிருந்து, பால் பொங்கிக் காஸெல்லாம் வழிந்துவிட்டது, அரிசி போட வரப்போகிறீர்களா இல்லையா என்று கத்தினார். அவர் போகவில்லை. நானும் போகவில்லை. பெரியவர் வீட்டுக் கதவு சாத்திக் கிடந்தது. உள்ளே கட்டிலை ஜன்னல் பக்கம் போடவேண்டும் என்று ஒருவரும், போடமுடியாது என்று மற்றவரும் சத்தம் போட்டுச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் அந்தக் குளிரில், கால் விறைக்க விறைக்க, கேற்றடியில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.